தகரப் பெட்டிக்குள் ஒரு தலைப்பு

போன இதழில் வடகத்தைக் காக்காய் கொண்டுபோன கதையைச் சொல்லிப் புலம்பியிருந்தேன் அல்லவா? இந்தத் தடவை என் படிப்புக் கதை. சிரிக்காமல் கேளுங்கள்.

இரண்டு பிள்ளைகளும் தாமாகத் தலைவாரிக்கொள்ளும் வயதுக்கு வந்த பிறகு, தமிழில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். சேருவது சுலபமாக இருந்தது. தலைப்புதான் கிடைக்கவில்லை. எதைச் சொன்னாலும், “அதை நிறையப் பேர் செஞ்சாச்சும்மா” என்றார் நெறியாளர். மாதக் கடைசிக்குள் சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர், “பேசாம சாம்பாரில் பெருங்காயத்தின் பங்குன்னு எழுதேன்” என்று கிண்டல் செய்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்தச் சமயத்தில் நூலகத்திலிருந்து தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை எடுத்து வந்தேன். 1988-ல் வந்த நாவல். தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரை, வடக்கு வீட்டு முதலாளியின் அதிகாரம், ஊருக்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்ற பிடிவாதம். உலையில் அரிசி கொதிக்கிறதைக்கூட மறந்து படித்தேன். ஆசிரியரைப் பற்றிய ஒரு செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் வீட்டில் பேசியது தமிழ். பள்ளியில் படித்தது மலையாளம். 1956 வரை அந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்ததல்லவா? அதனால் தமிழ்க் கதையை மலையாள எழுத்தில் எழுதி, பிறகு தமிழ் எழுத்துக்கு மாற்றுவாராம். தமிழை வேறு எழுத்தில் எழுதுவதா! எனக்கு அது அதிசயமாக இருந்தது.

நாவலில் புரியாத சொற்களை மளிகைச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டு பக்கத்து வீட்டு உம்மாவிடம் போனேன். கீழக்கரைக்காரர், மகனோடு மதுரைக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. வயது எண்பத்திரண்டு. சொற்களுக்கெல்லாம் பொருள் சொன்னவரிடம், மலையாள எழுத்து சமாசாரத்தையும் சொன்னேன். உம்மா அதிசயப்படவே இல்லை.

“இதுல என்ன புள்ள இருக்கு? நாங்க அரபு எழுத்துல தமிழ் படிச்சவங்கதானே!”

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார். உள்ளே பழுப்பேறிய நாலு புத்தகங்கள். வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. எனக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. உம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ராகம் போட்டுப் படித்தார். அத்தனையும் தமிழ்! பிள்ளைக்குப் பால் கொடுப்பதும், புருஷன் வீட்டில் நடந்துகொள்வதும் பாட்டாக வந்து விழுந்தன.

அரபியில் 28 எழுத்துகள். ட, ண, ழ, ங போன்ற நம் ஓசைகளுக்கு அதில் இடமில்லை. இருக்கிற எழுத்திலேயே புள்ளியும் குறியும் கூட்டி அந்த ஓசைகளை உண்டாக்கியிருக்கிறார்கள். இதுதான் அரபுத் தமிழ். அர்வி என்றும் சொல்வார்கள். 1816 முதல் 1898 வரை வாழ்ந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியவர்கள் இதில் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

உம்மாவின் கதையைக் கேளுங்கள். ஏழு வயதில் குர்ஆன் ஓதப் போனதால் அரபு எழுத்து தெரியும். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வயதுக்கு வந்ததும் வாசல்படி தாண்டவில்லை. மாலை, கிஸ்ஸா, முனாஜாத்து என்று வீட்டுக்குள்ளேயே படித்திருக்கிறார். பாங்கில் மட்டும் கைநாட்டு! “எங்க உம்மா படிக்காதவங்க” என்று மகனே என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். உம்மாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

கணக்கெடுக்க வந்தவர்கள் எத்தனை வீடுகளில் இப்படி ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்று குறித்துக்கொண்டு போனார்களோ! எனக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

நெறியாளர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. “ஆலிம்களின் நூல்களைப் பற்றி ஆய்வுகள் வந்தாச்சு. உங்களுக்கு அரபு எழுத்தும் தெரியாது” என்றார். “எழுதினவர்களைப் பற்றி இல்லை ஐயா. வீட்டுக்குள் இருந்து படித்த பெண்கள் என்ன படித்தார்கள், யாரிடம் கற்றார்கள் என்று பார்க்கிறேன். எழுத்தை உம்மா சொல்லித்தருவார்” என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தவர், “சரி, எழுதிக்கொண்டு வாங்க” என்றார்.

இதற்குள் இன்னொரு சங்கடம். வீடு மாறப் போகிறார்களாம். படிக்க ஆளில்லாத புத்தகங்களை ஊருக்குக் கொண்டுபோய் மரியாதையாக மண்ணில் புதைத்துவிட மகன் ஏற்பாடு செய்திருந்தார். இறைவன் வசனம் உள்ள தாள் காலில் மிதிபடக்கூடாது, பழைய பேப்பர் கடைக்கும் போகக்கூடாது என்பதால் அப்படிச் செய்வது அவர்கள் வழக்கம். தப்பே இல்லை. நான்தான் போய்க் கெஞ்சி ஆறு மாதம் தவணை வாங்கியிருக்கிறேன். பெட்டியைத் துடைத்து வெயிலில் காயவைத்து, ஈரமில்லாத வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து போட்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணிலோ, பக்கத்து வீட்டிலோ இப்படிப் புத்தகம் இருந்தால், முதலில் வீட்டுப் பெரியவரிடம் ‘ஒரு பக்கம் படித்துக் காட்டுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது தினம் மத்தியானத் தொழுகை முடிந்ததும் எனக்குப் பாடம். ‘ழ’வைத் தப்பாக எழுதினால் விசிறிக் காம்பால் விரலில் ஒரு தட்டு. “பதிலுக்கு உங்களுக்குத் தமிழில் கையெழுத்துப் போடச் சொல்லித்தரட்டுமா உம்மா?” என்று கேட்டேன். “இந்த வயசுல கையெழுத்துப் போட்டு என்ன சொத்தா வாங்கப் போறேன்? நீ ஒழுங்கா படி” என்றுவிட்டார்.

நாலில் ஒரு புத்தகத்துக்கு முதல் பக்கங்கள் இல்லை, பூச்சி தின்றுவிட்டது. பரவாயில்லை, அந்த இடம் உம்மாவுக்கு மனப்பாடம். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல, நான் என் பெரியவனின் பழைய கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று வரை பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது.