ஜூன் காலாவதியும் டெண்டரில் இல்லாத வரியும்

மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டு செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூனில் காலாவதியாகத் தொடங்குகின்றன. கேஇகேயும், லினக்ஸை ஏற்றும் நம் ஷிம் நம்பியிருக்கும் யூஇஎஃப்ஐ சிஏவும் ஜூனில் முடிகின்றன. விண்டோஸ் பூட் மேனேஜருக்கான பிசிஏ அக்டோபரில். "அதற்கப்புறம் டூயல் பூட் மெஷின் எதுவும் ஏறாது, செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிவிடுங்கள்" என்ற பேச்சு சர்வீஸ் வட்டாரத்தில் கிளம்பிவிட்டது. இந்த இதழின் நிலை: ஆஃப் பண்ண வேண்டாம், பதற்றமும் வேண்டாம். ஆனால் சும்மாவும் இருக்கக் கூடாது.

ஃபர்ம்வேர் பொதுவாகச் சான்றிதழின் தேதியைப் பார்ப்பதில்லை. இன்று ஏறுகிற ஷிம் ஜூலையிலும் ஏறும். சிக்கல் அடுத்த ஷிம்மில்தான். 2023 சாவியால் மட்டும் கையெழுத்தான ஷிம் அப்டேட்டாக வந்து இறங்கும்போது, ஃபர்ம்வேரின் அனுமதிப் பட்டியலான டிபியில் 2023 சிஏ இல்லாத மெஷின் அதை உள்ளே விடாது. ஆகவே பெஞ்சுக்கு வரும் ஒவ்வொரு மெஷினிலும் மோக்யூட்டிலில் டிபி பட்டியலை எடுத்து, 2023 பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயாஸ் அப்டேட், விண்டோஸ் அப்டேட், எஃப்டபிள்யூஅப்டி என்று மூன்று வழி உண்டு. டிபியை மாற்றக் கேஇகேயின் கையெழுத்து போதும். கேஇகேயையே மாற்ற, மெஷின் தயாரித்தவர் கையிலிருக்கும் பிகே வேண்டும். பிகே விஷயத்துக்குப் பின்னர் திரும்பி வருகிறேன்.

அதற்குமுன் இரண்டு எச்சரிக்கை. டிபியில் கை வைக்குமுன் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். விண்டோஸ் 11 24எச்2வைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த மெஷின்களில் என்கிரிப்ஷன் பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகியிருக்கும். 48 இலக்க ரெகவரி கீ என்று ஒன்று இருப்பதே உரிமையாளருக்குத் தெரிந்திருக்காது. அடுத்து, எது ஏறாவிட்டாலும் செட்டப்புக்குள் போய் 'ரீஸ்டோர் ஃபேக்டரி கீஸ்' தட்டுகிற பழக்கத்தை விடுங்கள். ஃபர்ம்வேரின் டீஃபால்ட் பட்டியல் பழையதாக இருந்தால் 2023 சாவி அங்கேயே அழிந்துபோகும். லினக்ஸோடு, புதிய சாவியால் கையெழுத்தான விண்டோஸ் பூட் மேனேஜரும் சேர்ந்து படுத்துவிடும்.

2024 ஆகஸ்ட் 13 யாருக்கும் மறந்திருக்காது. டூயல் பூட் மெஷின்களுக்குப் போகாது என்று சொல்லி மைக்ரோசாஃப்ட் அனுப்பிய, பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் எஸ்பேட் அப்டேட் அவற்றுக்கும் போனது. திரையில் 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று ஒரு வரி, அதன்கீழ் ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டதாக இன்னொரு வரி, பிறகு மெஷின் தானாக அணைந்துவிடும். எந்த அப்டேட் இதைச் செய்தது என்று அந்தத் திரை சொல்லவில்லை. செக்யூர் பூட்டை அணைத்து, எஸ்பேட் பாலிசியை அழித்து, மறுபடி ஆன் செய்து நாம்தான் மீட்டுக் கொடுத்தோம். முழுத் தீர்வு மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது 2025 மே மாதம். அதுவரை வாடிக்கையாளர் வாயிலிருந்து நாம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "நீங்க லினக்ஸ் போட்டதுனாலதான் சார் இப்படி."

இப்போது பிகே விஷயம். தயாரிப்பாளர் தன் பிகேயால் புதிய கேஇகேயில் கையெழுத்திட்டுத் தராவிட்டால் அந்த மாடலின் கேஇகே 2011லேயே நின்றுவிடும். நாளை புதிய கேஇகேயால் கையெழுத்தான தடைப்பட்டியல் வந்தாலும் அதை அந்த மெஷின் ஏற்காது. மூன்று வருட வாரண்டி முடிந்த மாடலுக்கு எந்தத் தயாரிப்பாளர் இந்த வேலையைச் செய்வார்? செய்ய வேண்டும் என்று யார் கேட்டார்கள்? பெரிய எண்ணிக்கையில் வாங்குகிற அரசுத் துறையும் கல்லூரியும் கேட்டிருக்கலாம். டெண்டரில் ஐ5 இருக்கும், 8 ஜிபி இருக்கும், 512 ஜிபி எஸ்எஸ்டி இருக்கும், கீபோர்டில் தமிழ் எழுத்து வேண்டும் என்பதுகூட இருக்கும். பயாஸ் அப்டேட் எத்தனை வருடம் வர வேண்டும் என்ற வரி மட்டும் இருக்காது. இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியாயிற்று!

ஒரு கல்லூரி லேபில் செட்டப்புக்குள் போகவே சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டது. சப்ளை செய்த நிறுவனம் போட்டது. அந்த நிறுவனம் இப்போது இல்லை. அலுவலகத்தில் கேட்டால் டெண்டர் கோப்பை எடுத்து நீட்டினார்கள். அதில் மவுஸ் பேடின் அளவு இருந்தது, பாஸ்வேர்டு இல்லை. பணம் கட்டியது கல்லூரி, கதவைத் திறக்க வழி இல்லாமல் நிற்பதும் அதே கல்லூரி.

தயாரிப்பாளரை நம்பிவிடலாம் என்பவர்களுக்கு 2024 ஜூலையை நினைவூட்ட வேண்டும். 'நம்பாதே' என்று பெயரிலேயே எழுதியிருந்த ஏஎம்ஐ சோதனைச் சாவியைப் பிகேயாக வைத்தே நூற்றுக்கணக்கான மாடல்கள் விற்கப்பட்டது அப்போதுதான் வெளியே வந்தது. விண்டோஸ் 8 காலத்தில் செக்யூர் பூட்டை அணைக்கும் வசதியை உரிமையாளருக்குத் தந்தாக வேண்டும் என்று விதி இருந்தது. விண்டோஸ் 10இல் அது தயாரிப்பாளர் இஷ்டம் ஆயிற்று. நம் கொள்முதல் அதிகாரிகளில் ஒருவராவது அந்த மாற்றத்தைப் படித்து டெண்டரில் ஒரு வரி சேர்த்ததாகத் தெரியவில்லை. 2011இல் தொடங்கிய திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்த மாநிலம் இது. அந்த மாநிலத்தில் இந்த அலட்சியம் கூடுதலாகவே உறுத்துகிறது.

வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. சப்ளையான நாளிலிருந்து ஏழு ஆண்டு ஃபர்ம்வேர் அப்டேட், அது எஃப்டபிள்யூஅப்டி எடுத்துக்கொள்ளும் எல்விஎஃப்எஸ் வழியாகவும் கிடைக்க வேண்டும். செட்டப் பாஸ்வேர்டு எழுத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். செக்யூர் பூட் சாவிகளை மாற்றும் உரிமை வாங்கியவரிடம் இருக்க வேண்டும். டெண்டரில் இதற்கு அரைப் பக்கம்கூட ஆகாது.

அதிகாரிகள் எழுதும்வரை நாம் எழுதிக்கொள்வோம். ஏஎம்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒவ்வொரு மெஷினுக்கும் டிபியில் 2023 உண்டா, பிட்லாக்கர் நிலை என்ன, பாஸ்வேர்டு யாரிடம் என்று குறித்து, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். '2023 இல்லை, தயாரிப்பாளர் அப்டேட் தரவில்லை' என்ற குறிப்பு அந்தத் தாளில் இல்லையென்றால், அடுத்த ஷிம் ஏறாத அன்று அந்த வேலையை நம்மிடம் இலவசமாகக் கேட்பார்கள்.