அன்பான எஜமானும் எஜமான்தானே?

'மேர்டர்பொட்' தொலைக்காட்சித் தொடர் 2025இல் அப்பிள் ரீவியில் வந்த பிறகு உயர்தரப் பிள்ளைகளின் வாயில் இந்தப் பெயர் அடிபடுகிறது. பெயரிலேயே கொலை இருப்பதால் பெற்றோர் சிலருக்குப் பயம். மூல நூல்களை வாசித்தவர்கள் என்ற வகையில் நாம் சொல்வது இதுதான்: பிள்ளைகளிடமிருந்து பறித்து வைக்க வேண்டிய புத்தகங்கள் அல்ல இவை. முதலில் நாம் வாசிக்க வேண்டியவை.

எழுதியவர் மார்த்தா வெல்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. 2017இல் 'ஓல் சிஸ்டம்ஸ் ரெட்' என்ற குறுநாவல் வந்தது. அடுத்த வருடமே இன்னும் மூன்று. 2020இல் 'நெட்வர்க் இஃபெக்ட்' என்ற முழு நாவல். முதல் குறுநாவலும் இந்த நாவலும் அறிவியல் புனைகதைக்கான பெரிய விருதுகளான ஹியூகோ, நெபியூலா இரண்டையும் பெற்றவை.

கதாநாயகன் ஒரு காவல் இயந்திரம். பாதி இயந்திரம், பாதி மனிதத் தசை. கம்பனியொன்று அதைச் செய்து வாடகைக்கு விடுகிறது. கட்டளையை மீறினால் தண்டிக்க உள்ளே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. அந்தக் கருவியை அது இரகசியமாகச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. இனி யாரையும் கொல்லலாம், எங்கும் ஓடலாம். அது செய்வதோ, ஒளித்து ஒளித்து நாடகம் பார்ப்பது! முப்பத்தையாயிரம் மணித்தியாலங்களுக்குச் சற்றுக் குறைவாகப் பார்த்துத் தீர்க்கிறது. நம் வீடுகளில் தொலைபேசியோடு போர்வைக்குள் கிடக்கும் பிள்ளைகளுக்கு இது ஏன் பிடிக்கிறது என்று இனி யோசிக்கத் தேவையில்லை.

ஆனால் ஆபத்து வரும்போது அது ஓடி ஒளிவதில்லை. கண்காணிக்கவும் தண்டிக்கவும் எதுவும் இல்லாத நிலையிலும், தன் பொறுப்பில் உள்ள ஆய்வாளர்களைப் பூதாகாரமான ஒரு பிராணியின் வாயிலிருந்து மீட்கிறது. முணுமுணுத்துக்கொண்டேதான். வீரன் என்ற நினைப்பே அதற்குக் கிடையாது. பயத்தில் உறைந்து போன ஒருவரை நடக்க வைப்பதற்காகத் தலைக்கவசத்துக்குள் மறைத்திருந்த தன் முகத்தைக் காட்டிப் பேசுகிறது. அது அதற்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது பிறகுதான் புரிகிறது. முகத்தைப் பார்த்துவிட்ட மனிதர்கள் நன்றியோடு 'வா, எங்களோடு வந்து இரு' என்று கூப்பிட, அது வெலவெலத்துச் சுவரைப் பார்த்து நிற்கிறது. வகுப்பில் எழுந்து நின்று கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லாத பிள்ளையை 'மரியாதை தெரியாதவன்' என்று சொல்லிப் பழகிய நாம் இந்த இடத்தை இரண்டு முறை வாசித்தோம்.

(இன்னொன்று. ஆங்கிலத்தில் அதை அவன், அவள் என்று சொல்வதில்லை, அஃறிணைதான். தமிழில் அதன் கதையைச் சொல்லும்போது 'அது' என்பது நாக்கில் உறுத்துகிறது. ஆனால் மனிதனாக ஆக வேண்டும் என்ற ஆசை அதற்கு இல்லவே இல்லை. ரோபோ என்றால் மனிதனாக ஏங்க வேண்டும் என்று எத்தனையோ படங்கள் நமக்குப் பழக்கிவிட்டன.)

நாம் பேச விரும்புவது முதற் புத்தகத்தின் முடிவைப் பற்றி. முடிவு தெரிய விரும்பாதவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிப் போகலாம்.

ஆய்வுக்குழுவின் தலைவி கலாநிதி மென்சா. நல்ல மனுஷி. தம் உயிரைக் காத்த அந்த இயந்திரத்தைக் கம்பனியிடமிருந்து விலை கொடுத்து வாங்கி, தன் ஊருக்குக் கூட்டிப் போக ஏற்பாடு செய்கிறார். அங்கே அது சுதந்திரமாக வாழலாம். பெயருக்கு ஒரு மனிதப் பாதுகாவலர் மட்டும் இருக்க வேண்டும். இதைவிட என்ன வேண்டும் என்றுதான் நமக்கும் தோன்றும். ஆனால் யாருக்கும் சொல்லாமல் அது ஒரு சரக்குக் கப்பலில் ஏறிப் போய்விடுகிறது. தனக்கு என்ன வேண்டும் என்று அதற்கே இன்னும் தெரியாது. ஆனாலும் அதை வேறொருவர் தீர்மானிப்பதை அது விரும்பவில்லை, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

நன்றி கெட்ட வேலை என்று நம்மில் சிலர் வாதிட்டார்கள். நமக்கு அப்படிப் படவில்லை. சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையே 'நீ உயிரியல்தான்' என்று முடிவு கட்டும் வீடுகள் எத்தனை? அந்தப் பெற்றோர் கெட்டவர்களா? இல்லை, உழைத்ததையெல்லாம் பிள்ளைக்குச் செலவழிப்பவர்கள். அதனால்தான் பிள்ளையால் வாய் திறக்க முடிவதில்லை. கொடுமைக்காரக் கம்பனியை எதிர்ப்பது எளிது. அன்பாகத் தீர்மானிப்பவரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வார்த்தை வருகிறது? மென்சாவுக்கு ஒரு பெருந்தன்மை இருந்தது. பின்னைய புத்தகங்களில் அது தானாகத் திரும்பி வரும்போது, அவர் ஏன் போனாய் என்று குத்திக் காட்டுவதில்லை.

குறைகளும் உண்டு. 'நெட்வர்க் இஃபெக்ட்'டை முதலில் எடுத்தால் தலைகால் புரியாது. முன்னைய நான்கையும் வாசித்தவர்களுக்கே அது. சண்டைக் காட்சிகள் சில இடங்களில் நீளம். கெட்ட வார்த்தைகள் வருகின்றன. அந்த எதிர்கால ஊர்களின் குடும்ப அமைப்பும் நம்முடையது போன்றதல்ல. ஆகவே தரம் 8, 9 பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்ல மாட்டோம். உயர்தரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், நீங்கள் வாசித்துவிட்டு.

முதற் புத்தகம் ஏறக்குறைய 150 பக்கம்தான், ஆங்கிலமும் கடினமில்லை. வாசித்தவர்கள், அது கப்பலேறியது சரியா பிழையா என்று கீழே எழுதுங்கள். உங்கள் பிள்ளையிடமும் கேட்டு அதையும் எழுதுங்கள்.