அந்த நோட்டு எங்கே போச்சு?

(மூன்றாம் ஆண்டு மின்னியல் துறை மாணவன்)



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், கடி ஜோக் இருக்கும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். நானும் அப்படி ஏதாவது ஜாலியாக எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் போன வருஷம் ஐப்பசி மாதத்து மழை ராத்திரி ஒன்று என் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கல்லூரியை விட்டுப் போனால் எனக்கு நிம்மதி இல்லை.

என் அக்காவுக்குப் பிரசவம். தலைச்சன் பிள்ளை. ராத்திரி ஒன்பது மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்து, "ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம். ஓ நெகட்டிவ் ரத்தம் ரெண்டு யூனிட் ரெடியா இருக்கணும். பிளட் பேங்க்ல ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணுக்கு ஆள் பாருங்க" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். "நீதான் காலேஜ்ல என்.எஸ்.எஸ்.ல இருக்கியே, உங்க பசங்க யாராச்சும் இருப்பாங்கல்ல?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏன் நிமிராது? நம் கல்லூரியில் ரத்த தானக் குழு இருக்கிறது. ஒரே நாளில் அறுபது பேர் ரத்தம் கொடுத்த முகாம் நடந்திருக்கிறது. கேடயம் வாங்கியிருக்கிறோம். ஆபீஸ் ரூம் அலமாரியில் அது இன்றைக்கும் பளபளக்கிறது. ஒரு போன் போட்டால் போதும், நாலு பேர் ஓடி வருவார்கள் என்று நினைத்தேன்.

பெயர்கள் எழுதியிருந்த நோட்டு ஒரு சீனியர் அண்ணனிடம் இருந்தது. அவர் படிப்பை முடித்து ஓசூரில் வேலைக்குப் போய்விட்டார். பத்தரை மணிக்குத்தான் போனை எடுத்தார். "நோட்டா? ரூமைக் காலி பண்ணும்போது எங்கே வச்சேன்னே தெரியலையேடா தம்பி!" என்று அவரும் பதறினார். ஞாபகத்திலிருந்து மூன்று பெயர்களைச் சொன்னார். ஒருவர் ஒரகடத்தில், ஒருவர் கோயம்புத்தூரில், மூன்றாமவர் நம்பரே மாறிப்போச்சு. வாட்ஸ்அப்பில் போட்டேன். "ஷேர் பண்ணியாச்சு" என்று பதில் மேல் பதில் வந்தது. ஆள் வரவில்லை.

கடைசியில் கைகொடுத்தவர் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடை அண்ணாச்சி. "பைபாஸ் பக்கம் ஆர்ட்ஸ் காலேஜ் பசங்க அடிக்கடி வந்து குடுப்பாங்க தம்பி" என்று ஒரு நம்பர் தந்தார். நள்ளிரவில் நனைந்த சட்டையோடு பி.காம். படிக்கும் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். கொடுத்து முடித்து, பிஸ்கட்டைத் தின்றுகொண்டே அவர் சொன்ன வார்த்தை இது: "எங்க லிஸ்ட்ல ஓ நெகட்டிவ் அஞ்சு பேர் இருக்கோம். உங்க காலேஜ்லேருந்து இதுவரைக்கும் ஒருத்தர்கூட எங்களைக் கேட்டதில்லையே!"

அந்தக் கல்லூரி நம் கேட்டிலிருந்து ஆறே கிலோமீட்டர்.

அக்காவும் குழந்தையும் நலம். ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைகிறது. அறுபது பேர் கொடுத்த கல்லூரியில் ஏன் ஒரு ஆள் கிடைக்கவில்லை?

நம் கணக்கு வேறு கணக்கு

நண்பர்களே, சற்றே சிந்தித்துப் பாருங்கள். ரத்தம் கொடுக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். நாம் பத்தாவது முடித்த கையோடு இங்கே வருகிறோம். முதலாமாண்டில் மீசை அரும்பும் வயசு, அவ்வளவுதான். இரண்டாமாண்டிலும் நம்மில் பாதிப் பேருக்கு மேல் பதினெட்டு ஆகியிருக்காது. பிளஸ் டூ, ஐ.டி.ஐ. முடித்து நேராக இரண்டாமாண்டில் சேர்பவர்கள் கொஞ்சம் பேர் தேறுவார்கள். ஆக, கொடுக்கத் தகுதி வரும்போது நாம் கடைசி வருஷத்தில் இருக்கிறோம். அடுத்த ஏப்ரலில் மூட்டை கட்டிவிடுகிறோம். நோட்டும் நம்மோடே போய்விடுகிறது!

கலைக் கல்லூரிக்கோ, இன்ஜினியரிங் கல்லூரிக்கோ இந்தச் சிக்கல் இவ்வளவு கிடையாது. அவர்களைப் பார்த்து அப்படியே காப்பி அடித்தால் நம் கிளை வளராது. நமக்கென்று ஒரு வழி வேண்டும். என் யோசனை இதுதான்: கொடுப்பவர் மூன்றாமாண்டாக இருக்கட்டும். நடத்துபவர் முதலாமாண்டாக இருக்கட்டும். "நமக்குத்தான் வயசு ஆகலையே, நமக்கு என்ன வேலை?" என்று ஒதுங்கி நிற்கும் தம்பி தங்கைகள்தான் உண்மையில் இந்தக் கிளையின் வேர். அவர்களுக்குத்தான் முழுசாக மூன்று வருஷம் கையில் இருக்கிறது.

கேடயம் போதுமா?

இன்னொரு விஷயம். ரத்தம் அரிசி மூட்டை இல்லை, அடுக்கி வைத்து வருஷம் முழுக்க எடுத்துக்கொள்ள. சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் அதிகபட்சம் 42 நாள் வைக்கலாம். தட்டணுக்கள் என்கிற பிளேட்லெட் ஐந்தே நாள்தான் தாங்கும். பிளாஸ்மாவை மட்டும் உறைய வைத்து ஒரு வருஷம் வரை காப்பாற்றலாம்.

அப்படியிருக்க நாம் என்ன செய்கிறோம்? அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்த தான நாள். ஜூன் 14 உலக ரத்த தான நாள். ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லேண்ட்ஸ்டைனர் பிறந்த நாள் அது. இந்த இரண்டு நாளிலும் எல்லாக் கல்லூரியும் போட்டி போட்டுக்கொண்டு முகாம் நடத்துகிறோம். யாருக்கு அதிக யூனிட், யாருக்குக் கேடயம் என்பதுதான் பேச்சு. அப்புறம் செமஸ்டர் பரீட்சை, கோடை விடுமுறை. அப்போது பிளட் பேங்க் பக்கம் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. ஆனால் பிரசவமும் விபத்தும் நம் காலண்டரைப் பார்த்தா வருகிறது?

ஒருவர் கொடுத்துவிட்டால் ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்க முடியும். ஒரே நாளில் அறுபது பேரும் கொடுத்தால், அடுத்த மூன்று மாதத்துக்கு அந்த அறுபது பேரும் கணக்கில் இல்லை. என் அக்காவுக்கு நடந்தது இதுவும்தான். அந்த வருஷ முகாம் அதற்கு மூன்று வாரம் முன்புதான் முடிந்திருந்தது!

அவசரத்தில் ஆளைப் பிடித்து வந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். எடுத்த ரத்தத்தை எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோய், மலேரியா என்று சோதித்த பிறகுதான் ஏற்ற முடியும். அதற்கு நேரம் பிடிக்கும். ஓடி வரும் ஆளைவிட அலமாரியில் தயாராக இருக்கும் பைதான் உயிரைக் காக்கும். அலமாரி காலியாகாமல் இருக்க, முகாம்கள் மாறி மாறி நடக்க வேண்டும். அதை ஒரு கல்லூரி தனியாகச் செய்ய முடியாது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

ஒரே மரத்துக் கிளைகள்

என்.எஸ்.எஸ். என்னும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தியடிகள் நூற்றாண்டின்போது தொடங்கியது. முதலில் 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இன்றைக்கு நம் ஊரிலேயே கல்லூரிக்கு ஒரு அணி இருக்கிறது. இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம் என்று வேறு கிளைகளும் உண்டு. எல்லாம் ஒரே வேலைக்குத்தான். ஆனால் பக்கத்துக் கிளையில் யார் இருக்கிறார்கள் என்று இந்தக் கிளைக்குத் தெரியாது.

இந்த வருஷம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சின்னதாக ஒரு முயற்சி செய்தோம். புது லெட்ஜர் வாங்கினோம். வகுப்பு வகுப்பாகப் போய்ப் பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி எழுதினோம். படிப்பை முடித்துப் போன அண்ணன்களின் பெயரை அடிக்கவில்லை. ஊர்வாரியாகத் தனிப் பக்கத்துக்கு மாற்றினோம். ஓசூரில் இருப்பவர் நமக்கு உதவாவிட்டாலும் ஓசூரில் ஒருவருக்கு உதவுவார் அல்லவா?

அப்புறம் அந்த ஆர்ட்ஸ் காலேஜுக்குப் போனோம். அவர்களிடம் பெரிய ஹால் இருக்கிறது. நம்மிடம் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. முகாமுக்கு வேண்டிய வயரிங், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பெடஸ்டல் ஃபேன் எல்லாம் நம் மின்னியல் துறைப் பையன்கள் பொறுப்பு. கட்டில், நாற்காலி அவர்கள் பொறுப்பு. பேனரில் தேதி போடாமல் ஒன்றே ஒன்று அடித்தோம். தேதியை மட்டும் காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். வருஷா வருஷம் பேனருக்குப் போகும் காசு மிச்சம். முகாம் தேதியை பிளட் பேங்க்கில் கேட்டே முடிவு செய்தோம். "பொங்கல் லீவு முடிஞ்சதும் வைங்க, அப்பதான் எங்களுக்குத் தட்டுப்பாடு" என்றார்கள்.

வந்தது 23 யூனிட். கேடயம் கிடையாது, போட்டோ கிடையாது. ஆனால் அதன்பிறகு இரண்டு முறை அவசரமாகப் போன் வந்தது. இரண்டு முறையும் பத்து நிமிஷத்தில் ஆள் சொன்னோம். முதல் தடவை நம் ஆள், இரண்டாம் தடவை அவர்கள் ஆள்.

சிலர் கேட்கிறார்கள், "நம்ம லிஸ்ட்டை அவங்களுக்கு ஏன் குடுக்கணும்?" நியாயமான கேள்விதான். லிஸ்ட்டைத் தெருவில் இறைக்கச் சொல்லவில்லை. சம்மதம் கேட்டுத்தான் எழுத வேண்டும். தங்கைகளின் நம்பர் வாட்ஸ்அப்பில் சுற்றவே கூடாது. இரண்டு கல்லூரியிலும் ஆளுக்கொரு பொறுப்பாளர் இருந்தால் போதும். அவர் கேட்பார், இவர் கூப்பிடுவார். நம்பர் கைமாறாது, ரத்தம் மட்டும் கைமாறும். நம் நோட்டு தரகர் கையில் சிக்கிவிடக் கூடாது என்பதும் முக்கியம். 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது நம்மைப் போன்றவர்கள்தான்.

புதிதாக ஒரு கல்லூரியில் கிளை தொடங்கினால் வெறும் பெயர்ப்பலகையும் வாழ்த்துரையும் போதாது. முதல் இரண்டு முகாமுக்குப் பழைய கிளையிலிருந்து இரண்டு பேர் கூடவே போய் நிற்க வேண்டும். ரிஜிஸ்டர் எழுதுவது, தலைசுற்றி விழுபவரைக் காலை உயர்த்திப் படுக்கவைப்பது, ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்படும் தங்கையின் மனசு நோகாமல் பேசுவது, இதெல்லாம் சர்க்குலரில் வராது. பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும்.

நண்பர்களே! எனக்கு பிப்ரவரியில் 18 முடிந்தது. மறுநாளே போய் முதல் முறையாகக் கொடுத்தேன். 350 மி.லி. பத்து நிமிஷ வேலை. ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்! அந்த பி.காம். நண்பர் பக்கத்தில் நின்று சிரித்தார்.

ஏப்ரலில் நான் போகிறேன். என்னோடு இருந்த மூவரில் இருவரும் போகிறார்கள். லெட்ஜர் இப்போது என்.எஸ்.எஸ். சார் மேஜையில் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் "பொறுப்பாளர், முதலாமாண்டு" என்று எழுதி, பக்கத்தில் இடம் காலியாக விட்டிருக்கிறேன். வயசு ஆகவில்லையே என்று தயங்காதே தம்பி, தயங்காதே தங்கச்சி. உன் ரத்தம் இப்போது வேண்டாம். உன் கையெழுத்து போதும்.

எந்த வீட்டு அக்காவுக்கோ, எந்த மழை ராத்திரியிலோ, "அந்த நோட்டு எங்கே போச்சு?" என்று இனி யாரும் கேட்கக் கூடாது.