பாயசத்துக்கு முன்னே இலையை எடுக்கலாமா?

கல்லூரியில் படிக்கும் என் மகள் வற்புறுத்தியதால், 'தி பிராமிஸ்டு நெவர்லேண்ட்' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் சமாசாரம்தானே என்று அலட்சியமாக உட்கார்ந்தவள், அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் மூழ்கிவிட்டேன்.

அநாதை இல்லத்துப் பிள்ளைகள் அம்மா என்றே நம்பும் இசபெல்லா, அரக்கர்களுக்கு இரையாக்கத்தான் அவர்களைச் சீராட்டி வளர்க்கிறாள். பெற்ற வயிறு பதறாதா? 2019-இல் வந்த முதல் பாகம் 12 வாரமும் அருமை.

2021-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் கோட்டை விட்டுவிட்டார்கள். 20 புத்தகங்கள் கொண்ட மூலக்கதையில் முதல் பாகம் சொன்னது ஐந்தில் ஒரு பங்குதான். மீதியை 11 வாரத்தில் திணித்திருக்கிறார்கள். அரக்கர்கள் பிள்ளைகளை வேட்டையாடும் முக்கியமான பகுதியையே காணோம். முடிவையும் படம் படமாகக் காட்டி ஒப்பேற்றிவிட்டார்கள்.

பிள்ளைகளைக் காவு கொடுத்தவள் எப்படி மனம் மாறினாள்? அதற்குத்தான் காத்திருந்தேன். அவளோ அவசர அவசரமாகக் கட்சி மாறிவிடுகிறாள்!

"இதுக்கு எடுக்காமலே விட்டிருக்கலாம்மா" என்றாள் மகள். எங்கள் ஊர்ப் பந்தியில் அவியல், எரிசேரி எல்லாம் பரிமாறிவிட்டு, பாயசத்துக்கு முன்னே இலையை எடுத்தால் சும்மா விடுவார்களா? தொடர் எடுப்பவர்களே, ஆரம்பித்த கதையைப் பொறுமையாகச் சொல்லி முடியுங்கள்!

- ஒரு வாசகி, குலசேகரம்.