செலவைக் கூட்டினால் ரீஃபண்டு கூடாது

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பகுதிகளிலிருந்து மதுரைக்குக் கட்டடக் கூலிகளாக வந்த தலித்துகளில் சிலர், இன்று பெயின்டிங், டைல்ஸ் பணிகளைத் தாமே ஒப்பந்தம் எடுத்துச் செய்கின்றனர். நிறுவனங்கள் அவர்களது பில் தொகையில் 1 விழுக்காட்டை டிடிஎஸ் எனப் பிடிக்கின்றன. பான் எண் தராவிட்டால் 20 விழுக்காடு.

ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குப் பில் போட்டவரிடம் 20,000 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கும். கூலியும் பொருட்செலவும் போக அவரது உண்மையான லாபம் 3 லட்சம் என்று கொள்வோம். 2025-26 நிதியாண்டில், புதிய வரிமுறைப்படி 4 லட்சம் வரை வரி இல்லை. கணக்குத் தாக்கல் செய்தால் 20,000 முழுமையாகத் திரும்பும். ‘செலவை ஏற்றிக் காட்டினால் அதிகம் கிடைக்கும்’ என்னும் இடைத்தரகரை நம்பி லாபத்தை 1 லட்சமாகக் குறைத்தாலும் திரும்புவது அதே தொகைதான். பிடித்த வரிக்கு மேல் ரீஃபண்டு கிடையாது.

இழப்பு வங்கியில் தெரியவரும். 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. ஆயினும் கடனை அனுமதிப்பது வங்கியே. அது பார்ப்பது வருமான வரிக் கணக்கை. அடமானம் வைக்க நிலமற்றவருக்கு அந்தக் கணக்கே சொத்து.

உண்மைச் செலவைக் கழிப்பது நமது உரிமை. பொய்ச் செலவு, நமக்கான கடனை நாமே மறுத்துக்கொள்வதாகும். கல்லூரி மாணவர்கள் தம் ஊர் ஒப்பந்தக்காரர்களின் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துச் சரிபார்த்துக் கொடுப்பதும் உரிமைப் பணியே.