நாச்செஸில் ஒட்டுக்குடித்தனம்

மிஸிஸிப்பி நதியின் கிழக்குக் கரையில், நீர்மட்டத்திற்கு மேலே ஏறத்தாழ 200 அடி உயரத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கும் மண்மேட்டின் மீது, 1716-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் எழுப்பிய கோட்டையை அண்டி வளர்ந்த ஊர் நாச்செஸ். பெருநகரங்களில் வாடகை கொடுத்தே சலித்துப்போன அமெரிக்கர்கள் இப்போதெல்லாம் இவ்வூரைப் பற்றி ஆவலோடு விசாரிக்கிறார்கள். ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஓர் அறைக்குக் கொடுக்கும் பணத்தில், இங்கே தூண் வைத்த முன்தாழ்வாரத்தோடு கூடிய முழு வீடே கிடைக்குமென்றால் விசாரியாமல் இருப்பார்களா?

ஆனால் அந்த மலிவுக்குக் காரணம் வீட்டுக்காரர்களின் தாராள சிந்தை அன்று. 1960-இல் ஏறக்குறைய 24,000 பேர் வசித்த இவ்வூரில், 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது எஞ்சியிருந்தவர்கள் 14,520 பேர். டயர் தொழிற்சாலை மூடிற்று. 2003-இல் காகித ஆலையும் மூடிற்று. பிழைப்பைத் தேடி ஜனங்கள் போய்விட, போக இடமில்லாத வீடுகள் மட்டும் நிற்கின்றன. தனக்கென்று குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இயற்றிக்கொள்ளாத மாநிலம் மிஸிஸிப்பி. மத்திய அரசு 2009-இல் நிர்ணயித்த மணிக்கு 7.25 டாலர்தான் அங்கே தொழிலாளிக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு. ஆகவே வெளியூரில் சம்பாதித்து இவ்வூரில் செலவழிப்பவனுக்கு மலிவாகத் தோன்றும் வாடகை, இவ்வூரிலேயே சம்பாதிக்கும் கடைச் சிப்பந்திக்கு மலிவாகத் தோன்றாது. கணினி வழியே வேலை செய்யும் வெளியூர்வாசிகள் வந்து குடியேறினால் 6,000 டாலர் வரை உதவித்தொகை என்று 2021-இல் ஒரு திட்டம் அறிவித்தார்கள். அதுவும் வீட்டை விலைக்கு வாங்குபவர்களுக்குத்தான், என்போன்ற குடிக்கூலிக்காரர்களுக்கு அன்று.

எனக்குக் கிடைத்தது ஒரு மாளிகையின் கொல்லைப்புறத்தில் இருந்த இரண்டடுக்குச் செங்கற் கட்டடத்தின் மாடிப் பகுதி. நெருப்புக்கும் வெக்கைக்கும் அஞ்சிச் சமையற்கட்டைத் தனியே எழுப்புவது அக்காலத்துத் தனவந்தர்களின் வழக்கமாதலால், கீழ்த்தளத்தில் மாளிகையின் சமையல் நடந்தது. மேல்தளத்தில், அந்தச் சமையலைச் செய்த அடிமைகள் படுத்துறங்கினார்கள். வீட்டுக்கார அம்மையார் கணப்பின் அழகையும் செங்கல்லின் பழமையையும் மரப்படிகளின் உறுதியையும் வெகு விஸ்தாரமாக வர்ணித்தார். அங்கே யார் வாசம் செய்தார்கள் என்பதை மட்டும், நான் கேட்ட பிறகே சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரே அப்படித்தான் நெடுங்காலம் பேசி வந்திருக்கிறது. பருத்தி வியாபாரம் நொடித்து, பொருளாதார மந்தமும் சேர்ந்து வாட்டிய 1932-இல், பூங்காச் சங்கத்து மாதர்கள் வசந்த காலத்தில் மாளிகைகளைத் திறந்து யாத்திரிகர்களுக்குக் காட்டத் தொடங்கியதிலிருந்து, இவ்வூரின் சரித்திரம் முன்வாசலில் தொடங்கிக் கூடத்தோடு முடிந்துவிடுவதாயிற்று.

அந்த மாளிகைகள் தப்பிப் பிழைத்ததற்கும் காரணம் உண்டு. உள்நாட்டு யுத்தத்தில், 1862-இல், வடவர் படை வந்தபோது நாச்செஸ் போரிடாமல் சரணடைந்துவிட்டது. 1860-இல் கட்டத் தொடங்கிய லாங்வுட் என்னும் எண்கோண மாளிகை மட்டும், வடக்கிலிருந்து வந்த தொழிலாளர் யுத்தம் மூண்டதும் ஊர் திரும்பிவிட்டபடியால், அடித்தளத்திற்கு மேல் இன்றளவும் பூர்த்தியாகாமலே நிற்கிறது. மாளிகைகளின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்புகிறவர்கள், ஊரின் கீழ்ப்புறத்திலுள்ள ‘ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோட்’ என்ற முச்சந்திக்குப் போக வேண்டும். தென்னாட்டின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளுள் ஒன்று அங்கே நடந்தது; 1863-இல் அதைப் பிரித்தெறிந்தவர்கள் வடவர் படையில் சேர்ந்த கறுப்புச் சிப்பாய்களே.

வாடகை என்ற விஷயத்தில் எனக்குப் பிடித்த நாச்செஸ்வாசி வில்லியம் ஜான்சன். அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, நாவிதத் தொழிலில் பொருள் ஈட்டி, ஸ்டேட் தெருவில் தாமே செங்கல் வீடு கட்டி, மாடியில் குடும்பத்தை வைத்துக்கொண்டு கீழ்த்தளத்தை வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டவர் அவர். 1835 முதல் நாட்குறிப்பு எழுதினார். தாமும் அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1851-இல் ஒரு நில எல்லைத் தகராறில் சுடப்பட்டு இறந்தார். கண்ணால் கண்ட சாட்சிகள் கறுப்பர்களாதலால், தன்னை வெள்ளையன் என்று சொல்லிக்கொண்ட குற்றவாளிக்கு எதிராக அவர்கள் சாட்சியம் சொல்லச் சட்டம் இடந்தரவில்லை.

இவ்வளவையும் அறிந்த பிறகும் குடிபோக விரும்புவோர் இருக்கலாம். ஊர் அத்தனை வசீகரமானது. அவர்கள் முதலில் கேட்க வேண்டியது வாடகையை அன்று, சென்ற கோடைகாலத்து மின்கட்டணச் சீட்டை. காற்றோட்டத்திற்காகக் கட்டிய உயர்ந்த அறைகளை ஏர்கண்டிஷனர் கொண்டு குளிரவைப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்ற காரியம். ஒற்றைக் கண்ணாடிச் சன்னலை மாற்றக் கேட்டால், புராதனப் பகுதியாதலால் நகரத்துப் பாதுகாப்புக் குழு அனுமதிக்க வேண்டும் என்ற பதில் வரும். கறையானோ எவர் அனுமதியையும் எதிர்பாராது. முன்பணத்தைத் திருப்பித் தர வீட்டுக்காரருக்குச் சட்டம் 45 நாள் அவகாசம் தருகிறது. வாடகை பாக்கி விழுந்தால் குடித்தனக்காரனுக்குக் கிடைப்பது மூன்று நாள் நோட்டீஸ். ஆகையால் ரிப்பேர் பற்றிய ஒவ்வொரு வாக்குறுதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு பார்க்க ஏப்ரலில் வராதீர்கள். அப்போது அஸேலியா பூத்துக் குலுங்கும், எந்த வீடும் பிடித்துவிடும். ஆகஸ்டு மாதத்துப் பிற்பகலில் வந்து பாருங்கள்.