கொடிக்கு நஞ்சு, கூலிக்கு நோயா?



ரப்பர் கன்று நிரைகளுக்கு நடுவே பியூரேரியா, கலப்பகோனியம் கொடிகளை ஏன் விதைக்கிறார்கள் என்று உங்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. அவை லாலான் புல்லை அமுக்கும். மழையில் மண்ணைப் பிடித்து நிறுத்தும். வேர் முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தைச் சேர்த்து மண்ணுக்கு ஊட்டும். சம்பளம் கேளாமல் உழைக்கும் கொடி! (நிர்வாகத்துக்கு அதன்மேல் அத்தனை பிரியம் அதனால்தான் போலும்.)

இந்த அறிவும் துரைமார்க்கு எளிதில் வரவில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு புல்லும் தலைகாட்டக் கூடாதென்று நம் பாட்டன்மாரைக் கொண்டே நிலத்தைச் சுரண்டித் துடைத்தார்கள். மேல்மண் மழையோடு போன பிறகுதான் கொடியின் அருமை தெரிந்தது.

கொடி கன்றின்மேல் ஏறினால் சுற்றி நெரிக்கும், உண்மைதான். கன்றைச் சுற்றி வட்டமாகக் களை எடுத்து, தாவும் நுனியை இழுத்துவிட்டால் தீர்ந்தது. மரங்கள் கிளை கோத்து நிழல் விழுந்ததும், ஐந்தாறு ஆண்டில் கொடி தானாகவே அடங்கிவிடும். அப்படியிருக்க நஞ்சு எதற்கு? அரிவாள் பிடிக்கப் பல ஆள் வேண்டும். தெளிப்பான் சுமக்கச் சில ஆள் போதும். கணக்கு அவ்வளவுதான்!

முன்பு சோடியம் ஆர்சனைட், பிறகு பாரகுவாட். முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். பாரகுவாட் ஒரு மிடறு உள்ளே போனாலே நுரையீரல் கெட்டு உயிர் போகும். மாற்று மருந்து கிடையாது. அதுவும் இலையைத்தான் கருக்கும். வேரிலிருந்து கொடி மறுபடி துளிர்க்கும், மறுபடி அடி! 2002ல் அரசாங்கம் தடை என்றது. 2006ல் பின்வாங்கியது. 2020 ஜனவரி 1ந் தேதிதான் முழுத்தடை வந்தது. ஒரு விஷத்தை விரட்ட 18 ஆண்டா?

அது ஒழிந்ததென்று நிம்மதி கொள்ளலாமா? கிளைபோசேட் முதலியவை இன்றும் அதே முதுகில்தான் ஏறுகின்றன. சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை ரப்பர் போய்ச் செம்பனை வந்திருக்கலாம். நம்மவர் நின்ற இடத்தில் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர் நிற்கலாம். அவர் நுரையீரல் என்ன இரும்பாலானதா?

1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, முதலாளி தரவேண்டிய பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தொழிலாளியிடம் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. மருந்தின் கெடுதியை அவருக்கு விளக்க வேண்டுமென்று 2000ஆம் ஆண்டு இரசாயன விதிகள் சொல்கின்றன.

கிராணிமாரே! ஸ்டோர் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. டின்னில் எழுதியிருப்பதைப் பிரட்டுக்களத்தில் தமிழிலும் மலாயிலும் உரக்க வாசியுங்கள். தொழிலாளர்களே! வாசித்துக் காட்டாத டின்னைத் தோளில் ஏற்றாதீர்கள். கையுறையும் முகமூடியும் வரும்வரை, வட்டக்களைக்கு அரிவாளைக் கேளுங்கள். அதற்குரிய முழு நாள் கூலியையும் கேளுங்கள்!